இரண்டு குதிரை வைத்த துவக்கு

மச்சான்,

நேற்றுக் காலை உன் வீட்டு வளவில் மண் வெட்டும் பெக்கோ நின்றது. வளவை வாங்கியவர் புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிறார். எலுமிச்சை நின்ற இடத்தில் வாளி இறங்கியபோது, லொறிச் சில்லின் ரப்பர் ரியூப்பால் சுற்றிக் கட்டிய நீளப் பொதி ஒன்று மண்ணோடு மேலே வந்தது. ரியூப்பைக் கீறத் தொடங்கியதும் முதலில் வந்தது மணம்தான், பழைய கிறீசும் தையல் மெசின் எண்ணெயும் கலந்த மணம். உன் கைகள் எப்போதும் அப்படித்தான் மணக்கும். வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தகப்பன்மார் நமக்கு ஆளுக்கொரு இரட்டைக்குழல் துவக்கை விட்டுப்போனார்கள். உன்னுடையது இங்கிலாந்துச் சாமான். தோட்டாவைத் தட்டும் குதிரைகள் உள்ளே மறைந்திருக்கும். இரும்பில் மயிரிழையாகக் கொடியும் இலையும் வெட்டியிருப்பார்கள். மூடினால் மெல்லிய சத்தம் ஒன்று கேட்கும், அவ்வளவுதான். துவக்கை இரண்டு விரலில் நிறுத்தி எனக்குக் காட்டுவதில் உனக்கு அலுப்பே வந்ததில்லை. என்னுடையது பெல்ஜியம். நீளக் குழல், முன்பாரம், பின்னால் இரண்டு குதிரைகளும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சுட முன் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் இழுத்து நிமிர்த்த வேண்டும்.

"உதென்ன மச்சான், உலக்கைக்குக் கொம்பு முளைச்ச மாதிரி," என்பாய்.

"உன்ரை சாமான் கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் சரி," என்பேன் நான்.

ஒருநாள் விடியற்காலை கடனீரேரிக் கரையில் துவக்குகளை மாற்றிப் பிடித்தோம். உன்னுடையது பாரமே தெரியாமல் என் கையை முந்திக்கொண்டு ஓடியது. இரண்டு வெடியும் வீண். நீயோ என் உலக்கையைத் தோளில் வைத்து, பறக்கும் தாராக்களோடு நிதானமாக நகர்த்திப் போய் இரண்டை விழுத்தினாய். முன்பாரம் இருந்தால் குழல் நடுவழியில் தடுமாறாது என்று நான் தொண்டை வற்றக் கத்தியது இதைத்தான். நீ அசையவில்லை. "கிழட்டுத் தாரா. சத்தத்திலையே செத்துப்போச்சு," என்றாய்.

பிறகு இயக்கப் பெடியள் வீடு வீடாக வந்து துவக்குகளை வாங்கிப்போன காலம் வந்தது. எண்ணெய் போடவென்று இரண்டும் உன் வீட்டில்தான் இருந்தன. ஒன்றைக் கொடுப்போம், ஒன்றைப் புதைப்போம் என்று தீர்மானித்தோம். எதைப் புதைப்பது என்பதில் பழைய சண்டை மறுபடி மூண்டது. கடைசியில் நான்தான் சொன்னேன்: "உன்ரையைத் தாட்டு வை. நல்லது அதுதான்." மனமில்லாமல்தான் சொன்னேன். அன்றைக்கு மட்டும் நீ பகிடி விடவில்லை.

அவர்கள் வந்துபோன பின் என் படலையடிக்கு வந்து, "ஒண்டு போயிட்டுது மச்சான்," என்றாய். எது என்று நான் கேட்கவில்லை. என்னுடையதைக் கொடுப்பதென்று பேசி முடித்ததுதானே.

அதற்கு அடுத்த மழைக்கு முன், சாவகச்சேரிச் சந்தைக்குச் சைக்கிளில் போன உன்னை வழியில் மறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். உன்னைத் தேடி உன் மனுசி போய்க் கேட்காத முகாம் வாசல் இல்லை. கேட்டுக் கேட்டே அவளும் கண்ணை மூடிவிட்டாள். உன் மகள் வெளிநாட்டிலிருந்தபடியே வளவை விற்றுவிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது.

நேற்று ரியூப் முழுதாக விரிந்தது. இரும்புக் கறள் தின்ற நீளக் குழல்கள். பின்னால் இரண்டு குதிரைகள், வெளியே, துருத்திக்கொண்டு.

உன் தகப்பனின் துவக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டு என்னுடையதைப் புதைத்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எது நல்லது என்று கடைசியில் ஒப்புக்கொண்டாயா, என்னுடையது என்பதற்காக மட்டும் வைத்தாயா? நீ இருந்திருந்தால் ஒரு பகிடியோடு தீர்ந்திருக்கும். இனி இது தீராது, மச்சான். நான் சாகும்வரை தீராது.

பொலிஸ் வந்தது. "ஐயா இந்த ஊர்தானே, இது ஆரின்ரை எண்டு தெரியுமோ?" என்று ஒரு பெடியன் மரியாதையாகக் கேட்டான்.

"தெரியாது தம்பி," என்றேன்.

உரப்பைக்குள் போட்டார்கள். உக்கிய பிடிக்கட்டை உதிர்ந்து விழுந்தது. ஜீப் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். இத்தனை காலம் மண்ணுக்குள் நீ எனக்காக வைத்திருந்ததை என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.