பக்கத்துக்கு ஒரு புருவம்

அம்மா,

உன் முழங்கால் வலி குறைஞ்சுதா? பாப்பா ஒழுங்கா சாப்பிடுறாளா? எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல.

வீடியோ கால் எடுக்கலன்னு கோவிச்சுக்காதே. எங்க பார்லர்ல புருவத்துக்குக் கலர் போட இப்ப மருதாணியும் இருக்கு, சாயமும் இருக்கு. எதைப் போட்டுக்கிறதுன்னு வர்றவங்களுக்குக் குழப்பம். அதனால முதலாளியம்மா என்னை உட்காரவெச்சு, இடது புருவத்துக்கு மருதாணியும் வலதுக்குச் சாயமும் போட்டுவிட்டாங்க. ஒண்ணு செம்பட்டை, இன்னொண்ணு கன்னங்கரேல்னு இருக்கு. வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். "தானா போயிடும், உன்னை யாரு பாக்கப் போறா"ன்னாங்க. நீயும் சிரிக்காதே, பஸ்ல எல்லாரும் சிரிச்சாச்சு.

நேத்து ஒரு கஸ்டமர் என் மோவாயைப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பி, ரொம்ப நேரம் பாத்தாங்க. இங்க வந்ததுலேருந்து என் முகத்தை யாரும் அவ்வளவு நேரம் பாத்ததில்ல. அப்புறம் முதலாளியம்மா பக்கம் திரும்பி, "இடது பக்கம் இருக்கிறதே போடுங்க"ன்னாங்க.

யாராவது இங்க வந்தா விளக்கெண்ணெய் ஒரு சின்ன பாட்டில் குடுத்தனுப்பு. பாப்பா போட்டோ ஒண்ணும் வை, நேரா பாக்குற மாதிரி எடுத்தது. அவ கேட்டா அம்மா ஃபோன் ரிப்பேர்னு சொல்லு.

கூப்பிடுறாங்க, அடுத்த ஆள் வந்தாச்சு. முகத்தைக் கொண்டுபோய்க் காட்டணும்.

உன் மகள்