நிஹாராவோடு பொலிசுக்குப் போன கிழமை

செப்டம்பர் 8, செவ்வாய்

காலை முதல் மழை. துவைத்தது ஒன்றும் காயவில்லை. நான் திருத்த வேண்டிய மூன்றாம் வகுப்புக் கொப்பிகள் அப்படியே கிடக்கின்றன. வலது மணிக்கட்டு வீக்கம். பள்ளிக்கூடத்தில் படியில் வழுக்கியதாகச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு என் புருஷனே கூட்டிப் போனார், வெளியே காத்திருந்தார். கட்டுப் போட்ட தாதி ஒன்றும் கேட்கவில்லை. “அந்தக் கதவுக்குப் பின்னால ஒரு தாள் ஒட்டியிருக்கு. பாத்துட்டுப் போங்க” என்றாள்.

மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. வீட்டில் அடிபடும் பெண்கள் அழைக்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. இலக்கத்தை மனப்பாடம் செய்தேன். வீட்டுக்கு வந்து மகள் ஆரணியின் கணக்குக் கொப்பியில் ஒரு கூட்டல் போல எழுதி வைத்தேன்.

அவர் வங்கியில் அதிகாரி. கண்டியில் எல்லோருக்கும் நல்லவர். என் அடையாள அட்டை அவருடைய அலுமாரியில், பூட்டி. அட்டை இல்லாமல் பஸ் ஏறப் பயம், சோதனைச் சாவடியில் இறக்கிவிடுவார்கள். அம்மா யாழ்ப்பாணத்தில். சண்டையால் பாதை மூடியிருக்கிறது.

போன மாதம் சொன்னார்: “பொலிசுக்குப் போய்ப் பார். இவள் புலிக்கு வேலை செய்யிறவள் எண்டு நானே எழுதிக் குடுப்பன்.”

செப்டம்பர் 9, புதன்

இடைவேளையில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள தொலைபேசிக் கடை. முதல் தடவை எடுத்ததும் வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை ஒரு பெண் குரல், இருமலோடு.

“செல்லுங்க.”

போகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் பேச்சு. சொல்லுங்கள் என்கிறாள்.

“பக்கத்துல யாரும் ஈக்காங்களா?” ஓம் என்றேன். “அப்ப நான் கேக்குறன், நீங்க ஓம், இல்ல மட்டும் செல்லுங்க.”

ஓம். ஓம். இல்லை. ஓம். ஐந்து நிமிடத்தில் என் வீடு முழுவதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. விட்டுவிட்டு வா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இன்றைக்கே ஓட வேண்டி வந்தால் எந்தக் கதவால் ஓடுவேன் என்று கேட்டாள். பிறகு அட்டையைப் பற்றிச் சொன்னேன். “அத நான் விசாரிச்சி வெக்கிறன். நாளைக்கி இதே நேரம் எடுங்க.” பெயர் நிஹாரா.

பள்ளிக்கூட அலுமாரியில் வைக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ்கள் (2), விவாகப் பதிவு, ஆரணியின் ஊசி அட்டை, மாற்று உடுப்பு.

செப்டம்பர் 10, வியாழன்

எடுத்தேன். விசாரித்து வைத்திருந்தாள், சொன்ன சொல் பிசகாமல். கிராம சேவகரிடம் கடிதம், பொலிசில் முறைப்பாடு. இரண்டின் பிரதியும் இருந்தால் புது அட்டை வரும்வரை சமாளிக்கலாம்.

“தொலைஞ்சது எண்டு சொல்லட்டே அக்கா?”

“வாணாம். உள்ளதச் செல்லுங்க. புருஷன் எடுத்து வெச்சீக்கார், அடிக்கிறார். அதுவும் புத்தகத்துல ஏறட்டும். நான் கூட வாரன்.”

செப்டம்பர் 11, வெள்ளி

அரைநாள் லீவு. நிஹாரா ஆஜானுபாகுவாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். என் தோள் உயரம்தான். ஐம்பது வயதிருக்கும், றப்பர் செருப்பு.

கிராம சேவகர் கடிதம் பத்து நிமிடத்தில். பொலிசில் சார்ஜன்ட் என் பிறந்த ஊரைப் பார்த்ததும் பேனையைக் கீழே வைத்தார். யார் அனுப்பியது, கண்டிக்கு எப்போது வந்தாய், அண்ணன் தம்பி எங்கே. நிஹாரா சிங்களத்தில் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள். கடைசியில் அவர், புருஷனைக் கூட்டி வா, பிறகு பார்ப்போம் என்றார்.

“அபி இன்னங், மாத்தயா” என்றாள். நாங்கள் இருக்கிறோம், ஐயா.

சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி. இரண்டு மணி. நிஹாரா சத்தம் போடவில்லை, கெஞ்சவில்லை. இருமல் வந்தால் மட்டும் வெளியே போய்விட்டு வந்து அதே இடத்தில் இருந்தாள். தன் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் அவர்கள் எழுதிக்கொண்டபோதும் முகம் மாறவில்லை. இந்தக் காலத்தில், எனக்காக. மூன்று மணிக்கு ஒரு பெண் பொலிஸ் வந்து புத்தகத்தை விரித்தார். மணிக்கட்டையும் பார்த்து எழுதினார்.

வெளியே வந்ததும் நிஹாரா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “எனக்கும் பயந்தான் தங்கச்சி” என்றாள்.

செப்டம்பர் 14, திங்கள்

அவர் வேலைக்குப் போனதும் ஆரணியோடு புறப்பட்டேன். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் இரண்டு தாள்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிபட்டதை வாசித்திருக்க வேண்டும். மடித்து நீட்டினான்.

நிஹாரா ஏற்பாடு செய்த தங்குமிடத்தின் பெயரை எழுத மாட்டேன். என் அறையில் இன்னொருத்தி, சிங்களப் பெண். புருஷன் இராணுவமாம். ஆரணிக்கு அவளே தலை பின்னிவிட்டாள்.

செப்டம்பர் 24, வியாழன்

எங்கள் சட்டத்தரணியின் அறை, நிஹாராவோடு. ஆரணியின் அப்பாவும் வந்திருந்தார், மடிப்புக் கலையாத சட்டை. எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். “குடும்பம் எண்டால் நாலும் இருக்கும். வா, போவம்” என்றார்.

சட்டத்தரணி நிஹாராவைப் பார்த்தார். எனக்காக அவள் பேசுவாள் என்று நானும் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தபடி, அவசரமில்லாமல் இருந்தாள்.

“நான் வரேல்லை” என்றேன்.

குரல் சின்னதாகத்தான் வந்தது. சட்டத்தரணி எழுதிக்கொண்டார். பிள்ளையின் செலவுக்கான தாபரிப்பு வழக்கு அடுத்த மாதம்.

பின்னேரம் ஆரணிக்குச் சப்பாத்து வாங்க வேண்டும். கால் வளர்ந்துவிட்டது, அளவு தெரியாது. கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.