தெருவெல்லாம் என் சிவப்புத் துணி

ராசா,

இன்றைக்கும் உங்கள் முதுகைக் கழுவினேன், நூதனசாலைத் தேத்தண்ணிக் கடைக் குழாயடியில். நான் இப்போது அங்கேதான் கோப்பை கழுவுகிறேன். கோப்பை எல்லாவற்றிலும் உங்கள் படம். மூட்டை சுமந்து போகிற மனிதனின் பின்பக்கம், நீலக் கோடுகளால் வரைந்தது. இடுப்பில் கட்டின சாரத்தில் மட்டும் ஒரு சிவப்புச் சதுரம்.

அந்தச் சதுரம் என் சட்டைத் துணி.

உங்களைச் சுடலைக்குக் கொண்டுபோன பிறகு துறைமுகத் தெரு மாறிவிட்டது. நீங்கள் மூட்டை அடுக்கிய பண்டகசாலையில் இப்போது ஓவியங்கள் தொங்குகின்றன. பழம்பொருள் வைத்திருக்கிற நூதனசாலை, ஓவியக்கூடம், கடைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் அடையாளம் வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். யாரோ முன்பு இறங்குதுறையில் எடுத்த படம் கிடைத்ததாம். தெருவுக்கு முகம் தேடினவர்கள் உங்கள் முதுகைப் பிடித்தார்கள். இப்போது மீன்கடைப் பலகையிலும் ஓட்டோவிலும் அந்தச் சதுரம். பஸ் கொண்டக்டர்கூட, "சிவப்புத் துண்டு இறங்குறாக்கள் வாங்கோ!" என்றுதான் கத்துகிறான்.

எனக்கு உடம்பு கூசுகிறது. உங்கள் சாரம் கிழிந்த அன்று வீட்டில் வேறு துணி இருக்கவில்லை. என் பழைய சட்டையை வெட்டி வைத்துத் தைத்தேன். தையலும் கோணல்.

"இதோட போகாதேங்கோ, சனம் சிரிக்கும்."

"போடி, எனக்கென்ன வெக்கம்?"

கட்டிக்கொண்டு போனீர்கள். மத்தியானம் சோறு தின்னும்போது நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். உங்களோடு மூட்டை தூக்கின, கிண்ணியா ஊர் முஸ்லிம் நானா கேட்டாராம், "என்ன மச்சான், பின்னால சிவப்பு லைட் போட்டிருக்கிறாய்?" நீங்கள் சொன்னீர்களாம், "ஓமடா, பின்னால வாற லொறி இடிக்காம என்ர மனிசி பூட்டிவிட்டவ." நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் முகத்தைத் துடைத்தேன்.

போன கிழமை நூதனசாலையில் வேலை செய்கிற பிள்ளை, சுவரில் மாட்டவென்று படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தாள்.

"அம்மா, நீங்கள் கனகாலம் இந்தத் தெருவிலதானே? இவர் ஆரெண்டு தெரியுமோ? கீழ பேர் போட வேணும்."

நான் போட்ட தையல் ஒவ்வொன்றும் கண்ணுக்குமுன் நின்றது. தேத்தண்ணிக் கடைக்காரி எட்டிப் பார்த்தாள். "எந்த மனிசி தைச்சவளோ! கண்ணை மூடிக்கொண்டு ஊசி குத்தியிருக்கிறாள்."

"தெரியாது பிள்ளை," என்றேன்.

உங்களோடு ஒரே பாயில் படுத்தவள். உங்களுக்குக் கடைசிப் பால் ஊற்றினவள். தெரியாது என்றேன். அன்றைக்குக் கிழிந்த சாரத்துக்கு வெட்கப்பட்டேன். இப்போது 'தெரியாது' என்ற அந்தச் சொல்லுக்கு வெட்கப்படுகிறேன். நாளைக்குப் படத்துக்குக் கீழே 'பெயர் தெரியாதவர்' என்று ஒட்டப் போகிறார்களாம்.

அதற்கு முன் போய்ச் சொல்லத்தான் நினைத்திருக்கிறேன். வெட்டின சட்டையின் மிச்சம் அலுமாரிக்குள் கிடந்தது. காட்டினால் நம்புவார்கள். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். சனம் என்னைப் பற்றிக் கதைத்தால் கதைக்கட்டும், கோணல் தையல் என்னுடையதுதானே. ஆனால் உங்கள் பேரைச் சொன்னால், கிழிந்த சாரத்தோடு உங்கள் பேரும் தெருவெல்லாம் நிற்கும். அதை நினைத்துத்தான் இன்னும் போகாமல் இருக்கிறேன்.

ராசா, அன்றைக்கு உங்களுக்கு உண்மையிலேயே வெட்கம் இருக்கவில்லையா, அல்லது நான் அழுதுவிடுவேன் என்றா அப்படிச் சொன்னீர்கள்?