பாதியில் நிற்கும் ஆடுகளம்

அட பிடிவாதக்காரா,

ஆட்டங்களையே நிறுத்திவைத்த ஐஸ் ஹாக்கிக் கதவடைப்பு முடியப்போகிறதாம். அணி முதலாளிகளும் ஆட்டக்காரர்களும் மறுபடி பேச உட்கார்ந்துவிட்டார்கள்.

செய்தி வந்ததும் நம் வின்னிபெக் மதுக்கடையில் ஒரே கூத்து. "இனிமே ஹாக்கி பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்த ஓரெஸ்ட், அணியின் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தான். மானங்கெட்டவன்! "எங்கடா உன் கூட்டாளி? அவன் இன்னும் முதலாளிங்களுக்குத்தான் ஜால்ராவா?" என்று என்னிடமே கேட்கிறான்.

கோடீஸ்வரர்கள் கைகுலுக்கிவிடுவார்கள். அவர்களுக்காக அடித்துக்கொண்டு மூன்று மாதமாகப் பேசாமலிருக்கும் இரண்டு மடையர்களை அவர்களுக்குத் தெரியுமா?

இந்தக் குளிருக்குக் கொல்லையில் நம் ஐஸ் ஆடுகளத்துக்கு நான் தனியாகத்தான் தண்ணீர் பாய்ச்சி உறையவிட்டேன். என் குழாய் எட்டாமல் ஆடுகளம் பாதியில் நிற்கிறது. உன் நீளக் குழாயைக் கொண்டுவா. மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் ஆட்டக்காரர்கள் கட்சிதான்