அம்மாவின் கத்தரிக்கோலில் வெட்டிய கேஸ்கெட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆமாம், அப்பாவேதான். கையெழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிடாதே. எழுத்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் இருக்கும், வரி கீழே சரிந்துகொண்டே போகும், நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆயுசு முழுக்கச் சுவருக்குப் பெயின்ட் அடித்த கை. நாலு அங்குல பிரஷ் பிடித்த விரலுக்குப் பேனா இருப்பதே தெரியவில்லை. அழுத்தினால் தாள் கிழிகிறது, லேசாகப் பிடித்தால் நழுவிவிடுகிறது. இவ்வளவு எழுதுவதற்கே காலைப்பொழுது போய்விட்டது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

இங்கே நாங்கள் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நன்றாக இருக்க வேண்டும்.

இதே கவரில் இன்னொரு தாளும் இருக்கும். அது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. நாலே வரிதான். நல்லா இருக்கேன், ஆக்சிஜன் மிஷின் நல்லா ஓடுது, லீவை வீணாக்காதே, வருஷக் கடைசியிலேயே வந்தால் போதும் என்று இருக்கும். அதை அவளே திருத்தினாள், பிழை கிடையாது. இது நானாக எழுதுவது. அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாடம் எழுதிப் பழகுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது அம்மாதான். உனக்கு எப்போதும் அவள்தானே எழுதுவாள். கை நடுங்க ஆரம்பித்ததும், இனிமே நீங்க எழுதுங்க என்றாள். எனக்கு எங்கே எழுதத் தெரியும் என்றேன். எனக்குச் சொல்லித்தரத் தெரியும்ல, வந்து உட்காருங்க என்றாள். அவள் தையல் வேலையில் கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற கறுப்புத் துணி ஒன்று மிச்சம் கிடந்தது. அதைக் கட்டில் பக்கத்தில் விரித்து, துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுக் காட்டினாள். அவள் கோணலாகப் போட்டால் நானும் கோணலாகப் போடுவேன். உங்களைச் சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல சேர்த்திருந்தா வாத்தியார் வேலையை விட்டுட்டு ஓடியிருப்பார் என்று சிரிப்பாள். சிரித்தால் இருமல் வந்துவிடுகிறது. அதனால் நான் இப்போதெல்லாம் ஒழுங்காக எழுதுகிறேன்.

எழுத்துகளின் தலையில் புள்ளி வைப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆணி அடிக்கிற மாதிரி வைக்கிறேன் என்று அம்மா திட்டுகிறாள். தெருவில் போனால் சுவர் சுவராக நின்று படிக்கிறேன். நான் வெள்ளையடித்த சுவர்களில் யார் யாரோ எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். மருந்துக் கடைக்குப் பக்கத்துச் சுவரில் இங்கே வண்டி நிறுத்தாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் இத்தனை வருஷமும் சைக்கிளை நிறுத்திவந்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போன தடவை வந்தபோது ஆக்சிஜன் மிஷினைத் தூங்கும்போது போட்டுக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொன்னார் அல்லவா? இப்போது பகலிலும் கழற்றுவதில்லை. குளிக்கக் கூட்டிப்போகும்போது கழற்றினால் உதடு நீலமாகிவிடுகிறது. போனில் இதைச் சொல்ல முடியவில்லை. நமக்கு இருப்பது ஒரே அறை, நீ கூப்பிட்டாலே அவள் வாங்கிப் பேசிவிடுகிறாள்.

இங்கே கரண்டை நம்ப முடியவில்லை. நினைத்தபோது போகிறது. நீ வாங்கிக் கொடுத்த சின்ன ஜெனரேட்டர்தான் கைகொடுத்தது. போன வாரம் அதுவும் மக்கர் பண்ணியது. திடீரென்று இரையும், திடீரென்று அடங்கும், மிஷின் கீங்கீங் என்று கத்தும். மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே காகிதம் மாதிரி ஒரு கேஸ்கெட் இருக்கிறது. அது இரண்டாகக் கிழிந்து, வேண்டாத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. இந்த மாடலுக்கு ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும் பெரியவரே, அதுவரைக்கும் பழசைப் பார்த்து நீங்களே ஒண்ணு வெட்டிப் போட்டுக்குங்க, இதென்ன பெரிய வித்தையா என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்று போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கரண்ட் போனால் ஊர் முழுக்க அவரைத்தான் தேடுகிறது.

கடைக்குப் போனேன். கேஸ்கெட் வெட்டுகிற தாளை விதவிதமாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியிருந்ததை விரல் வைத்துப் படித்தேன். கடைக்காரர் பொறுமை இழந்து, என்னய்யா பரீட்சைக்கா படிக்கிறீங்க என்றார். பெட்ரோல், ஆயில் தாங்கும் என்று போட்டிருந்ததைக் கண்டுபிடித்து, இதைக் கொடுங்க என்றேன். நானாகப் படித்து வாங்கிய முதல் பொருள், பாப்பா. வரும் வழியெல்லாம் அதையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டு வந்தேன்.

எஞ்சினில் ஒட்டியிருந்த பழைய காகிதப் பிசிறை, சுவருக்குப் பட்டி பூசுகிற என் தகட்டால் கீறல் விழாமல் சுரண்டினேன். அது எனக்குத் தெரிந்த வேலைதானே. இரும்பில் லேசாக ஆயில் தடவி, புதுத் தாளை வைத்து அழுத்தினால் அச்சு விழுகிறது. அந்த அச்சைப் பார்த்து பிளேடால் வெட்டி, மாட்டி, கயிற்றை இழுத்தேன். ஓடியது! அம்மாவுக்குக் கேட்கும்படி கையைத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. திரும்ப இழுத்தேன். ஓடியது, நின்றது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போயிற்று. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரைத் திறந்துவிட்டேன். அதன் முள் இறங்குவதையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாதான், பழசையும் புதுசையும் இங்கே கொண்டாங்க என்றாள். பழைய துண்டுகள் இரண்டையும் மடியில் வைத்து, சட்டையின் தோள்பட்டையையும் கையையும் சேர்த்து வைப்பதுபோலப் பொருத்தினாள். நான் வெட்டியதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பழசில் ஓரத்தில் ஒரு பொடி ஓட்டை இருந்தது. அச்சில் ஆயில் பரவி அது மறைந்துபோயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. கழுத்தே வெட்டாம சட்டை தைச்சிருக்கீங்க, தலையை எங்கே நுழைக்கிறது என்றாள். எஞ்சின் ஓடும்போது அந்த ஓட்டை வழியாக வருகிற துடிப்புதான் பெட்ரோலை இழுத்துக் கொடுக்குமாம், மெக்கானிக் பிறகு சொன்னார். கார்புரேட்டரில் ஏற்கெனவே நின்ற பெட்ரோல் தீரும் வரைதான் அது ஓடியிருக்கிறது.

மறுபடி வெட்ட பிளேடை எடுத்தேன். வளைவில் அது வழுக்கிக்கொண்டு போயிற்று. அதைப் பார்த்துவிட்டு, பெட்டியில் என் கத்தரிக்கோல் இருக்கு, அதை எடுங்க என்றாள்.

உனக்குத்தான் தெரியுமே அந்தக் கத்தரிக்கோலைப் பற்றி. துணி வெட்டுகிறதில் காகிதம் பட்டால் கூர் போய்விடும் என்று யாரையும் தொடவிட மாட்டாள். சின்ன வயதில் நீ அதில் கலர்க் காகிதம் வெட்டியதற்கு ஒரு நாள் முழுக்க உன்னிடம் பேசவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துத்தான் நான் நின்றேன். பரவாயில்ல, வெட்டுங்க, இனிமே அது எந்தத் துணியை வெட்டப்போகுது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பாப்பா. பால் வாங்கிட்டு வாங்க என்கிற மாதிரி சொன்னாள்.

வெட்டினேன். வளைவுல கத்தரியைத் திருப்பாதீங்க, காகிதத்தைத் திருப்புங்க என்று படுத்தபடியே சொன்னாள். திருகாணிக்கும் அந்தப் பொடி ஓட்டைக்கும் பெல்ட்டில் துளை போடுகிற அவளுடைய உளியைத் தட்டிப் போட்டேன். மாட்டினேன். ஓடியது, நிற்கவில்லை. சிலிண்டரை மூடிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதே மாதிரி இன்னும் ரெண்டு மூணு வெட்டி வெச்சுக்குங்க என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வெட்டி வைத்திருக்கிறேன்.

எஞ்சினைப் பற்றி நீ கவலைப்படாதே. கேஸ்கெட் கிழிந்தால் நான் வெட்டிக்கொள்வேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது. இந்த வார்த்தையை அம்மாவிடம் கேட்கவில்லை, நானே எழுத்துக்கூட்டி எழுதினேன். தூங்கும்போதும் மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறேன். உன் லீவு, வேலை எல்லாம் எனக்குத் தெரியாது. வருஷக் கடைசி எனக்கு ரொம்பத் தூரத்தில் தெரிகிறது, அவ்வளவுதான்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். அம்மாவுக்கும் சேர்த்து நானே ஆசீர்வாதம் எழுதுகிறேன்.

அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் நீங்கள் புறப்பட்டிருந்தால் அந்தக் கடிதம் அங்கே உங்கள் பூட்டின வீட்டு வாசலில் கிடக்கும். கிடக்கட்டும், பாப்பா.

அன்புடன்,
அப்பா