நெஞ்சில் உன் பதிவு

2008 ஒக்டோபர் 15, புதன். வெள்ளவத்தை.

என் மாணவிகள் இணையத்தில் ஒரே பக்கத்தைத் திறந்து கவிதை வரிகளுக்குக் குறிப்பு எழுதுகிறார்கள். "நெஞ்சில் உன் பதிவு" என்ற வரிக்கு, பதிவு என்றால் சுவடு என்று எழுதியிருந்தேன்.

கொட்டாஞ்சேனை நிரோஷா கீழே எழுதியிருந்தாள்: "மிஸ், பதிவு எண்டால் தமிழ் ஆக்கள் பொலிஸில பதியிற பதிவுதானே? அது இல்லாட்டி போன வருஷம் மாதிரி லொட்ஜில இருக்கிற ஆக்களை பஸ்ஸில ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்கள். நெஞ்சில பதிஞ்ச ஆளை ஒருத்தராலயும் ஏத்த ஏலாது."

பிழை என்று திருத்தப் போன கை நின்றுவிட்டது. யார் கண்ணில் படுமோ என்று அவள் பெயரை மட்டும் அழித்தேன்.

மாலையில் பார்த்தால் பெயரை அவளே திரும்பவும் போட்டிருக்கிறாள், இந்த முறை தகப்பன் பெயரோடு முழுதாக.

'சுவடு' என்ற என் குறிப்பை அழித்துவிட்டுப் படுத்தேன். நித்திரை வரவில்லை. பாதி பயம். மற்றப் பாதியை அவளிடம் சொல்ல மாட்டேன், தலைக்கனம் வந்துவிடும்.