அடுத்த வருகைத் தேதி

சேந்தமங்கலம்,
20.06.2025, இரவு

அக்காவுக்குத் தனா எழுதுவது.

நீ நலமா? அன்பு மாமா நலமா? மாமா என்று எழுதியதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அப்பாவிடம் பண்ணை அறிக்கை கொடுக்க அவர் நம் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அன்பு அண்ணா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். நீ அவரோடு போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. அவர் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. உன் பெயரையும்தான்.

பொங்கலுக்கு நீ என்னோடு படிக்கிற சத்யபிரியா பெயருக்குப் போட்ட கடிதம் கிடைத்தது. தலைவாசல் பக்கம் ஆத்தாயி அம்மா பண்ணையில் குடியிருக்கிறோம், யாருக்கும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சொல்லவில்லை. பதில் எழுதத்தான் தைரியம் வரவில்லை. இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது.

அப்பா வேலை பார்க்கும் கோழிக் கம்பெனியில் எல்லா சூப்பர்வைசருக்கும் ஒரு போன் கொடுத்திருக்கிறார்கள். இனி நோட்டு கிடையாது. எந்தப் பண்ணைக்கு எத்தனை மணிக்குப் போனார், எத்தனை கோழி செத்தது, தீவனம் எத்தனை மூட்டை இருக்கிறது, எடை என்ன, எல்லாவற்றையும் அதில் இருக்கும் ஆப்பில் போட வேண்டும். போட்டதும் ஆபீஸில் தெரிந்துவிடும். எல்லாம் இங்கிலீஷ். அப்பா மூன்று நாள் முயன்று பார்த்தார். நான்காம் நாள் கோழியின் எடையைச் செத்த கோழி என்கிற கட்டத்தில் போட்டுவிட்டார். ஒரே கொட்டகையில் ஆயிரத்து எண்ணூறு கோழி செத்ததென்று கம்பெனி டாக்டர் ஜீப்பை எடுத்துக்கொண்டு ராசிபுரம் ஓடியிருக்கிறார். அங்கே போய் நின்றவர், "ஏனுங்க சுப்பையண்ணா, கோழியெல்லாம் நம்மளப் பாத்துச் சிரிக்குதுங்க" என்றாராம். அதை அப்பாவே வந்து சொன்னார். சொல்லும்போது அவரும் லேசாகச் சிரித்தார். நீ போனதற்குப் பிறகு அன்றுதான்.

அதிலிருந்து பண்ணைக்குப் போனதும் பச்சைப் பொத்தானை அழுத்துவது மட்டும் அவர் வேலை. மீதியைத் துண்டுச் சீட்டில் எழுதி வருகிறார், சாயங்காலம் நான் போடுகிறேன்.

அக்கா, அந்த ஆப்பில் ஒரு வரைபடம் இருக்கிறது. அவசரத்துக்கு மருந்து வேண்டுமென்றால் பக்கத்துக் கிளைகளில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று சீனியர் சூப்பர்வைசர்கள் பார்ப்பதற்காக. ஒவ்வொருவரும் ஒரு பச்சைப் புள்ளி. ஆத்தூரைத் தாண்டி ஒரு புள்ளியைத் தொட்டேன். 'அன்பு' என்று வந்தது. மாமா அதே கம்பெனியில் வேறு கிளைக்குப் போயிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. கீழே பண்ணையின் பெயரும் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. சித்தப்பா சொன்னது உனக்கும் நினைவிருக்கும். "கையில கெடச்சா ரெண்டு பேரும் உசுரோட இருக்க மாட்டாங்க."

ஆனால் தினமும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். இரவானால் அந்தப் புள்ளி அசையாது. இதோ, இங்கேதான் அக்கா தூங்குகிறாள் என்று விரலை வைத்துக்கொள்வேன்.

தனா

*

ஆத்தாயி அம்மா பண்ணை,
28.06.2025

என் தனாக்குட்டிக்கு,

ஐந்து மாதம் கழித்து எழுதினாய். பொங்கலிலிருந்து தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வெளியே வந்து நின்றிருக்கிறேன். ஆத்தாயி அம்மா, "ஏம்மிணி, அந்தாளு கரண்ட் பில்லுதான் கொண்டாறாரு, போயி ஒக்காரு" என்று கேலி செய்வார். உன் கடிதம் வந்த அன்று அவரிடமே காட்டினேன்.

நீ எழுதிய புள்ளி விஷயத்தை அன்புவிடம் சொன்னேன். அவர் போனில் அந்தப் படம் தெரியாதாம். தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்றதும் முகம் மாறிவிட்டது. நீதான் பார்க்கிறாய் என்றதும் சரியானார். மறுநாள் கிளம்பும்போது போனைத் தூக்கிக் காட்டி, "கொழுந்தியாளுக்கு வணக்கம் சொல்லட்டுமா?" என்றார்.

தனா, எனக்கு ஐந்தாம் மாதம். அம்மாவிடம் சொல்லாதே. சொன்னால் அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியதுபோல் தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு இன்னும் கால் வீங்குகிறதா? அப்பா மத்தியானம் எங்கே சாப்பிடுகிறார்? நீ சயின்ஸ் குரூப்தான் எடுத்தாயா? நான் வைத்துவிட்டு வந்த மஞ்சள் சுடிதார் உனக்கு இப்போது சரியாக இருக்கும், போட்டுக்கொள். வீட்டில் விடவில்லை என்றால் சத்யபிரியாவுக்காவது கொடு. பெட்டிக்குள் வைத்துப் பூச்சி அரிக்க விடாதே.

சரிதா

*

சேந்தமங்கலம்,
13.07.2025, இரவு

அக்கா,

பள்ளிக்கூடத்தில் உன் கடிதத்தைக் கழிப்பறையில் நின்று மூன்று தடவை படித்தேன். ஐந்தாம் மாதம் என்ற இடத்தில் அழுகை வந்தது. சத்யபிரியா கதவைத் தட்டி, "வவுத்த வலியாடி?" என்றாள்.

சயின்ஸ் குரூப்தான். அம்மாவுக்கு வீக்கம் பரவாயில்லை. அப்பா மத்தியானம் எந்தப் பண்ணையில் இருக்கிறாரோ அங்கே சாப்பிடுகிறார். சில நாள் சாப்பிடுவதில்லை. மஞ்சள் சுடிதார் பெட்டியில் இல்லை. எங்கே என்று அம்மாவிடம் கேட்கவும் முடியவில்லை.

புதன்கிழமை புள்ளி ஆத்தூர் வரை போய்த் திரும்பியது. ஆஸ்பத்திரிக்குத்தானே? பஸ்ஸிலா, வண்டியிலா? வண்டி என்றால் மாமாவை மெதுவாக ஓட்டச் சொல். படத்தில் வேகம் தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏஞ்சாமி, இதுல மத்த ஊருப் பசங்கெல்லாம் எங்கிருக்கறாங்கன்னு தெரியுமாமா? ஆபீசுல சொன்னாங்க."

"அதெல்லாம் தெரியாதுங்கப்பா. இது வெறும் கணக்குப் போடறதுக்குத்தானுங்க."

"அப்பிடியா" என்றார். எழுந்து போகவில்லை. நான் எதைத் தொடுகிறேன், அடுத்து எதைத் தொடுகிறேன் என்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

தனா

*

ஆத்தாயி அம்மா பண்ணை,
24.07.2025

தனாக்குட்டி,

நீ பொய் சொன்னது தப்பில்லை. ஆனால் உன்னை அப்படிச் சொல்ல வைத்தது நான். அது உறுத்துகிறது.

சித்தப்பா கத்துவார். கத்துகிற ஆளைப் பார்த்து ஒதுங்கிவிடலாம். அப்பா ஒன்றுமே பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயம். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டு போலீஸ் ஸ்டேஷனில் நின்றோமே, அன்று சித்தப்பா மண்ணை வாரித் தூற்றினார். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அந்த முகம்தான் கனவில் வருகிறது. அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்போலத்தான் இருக்கிறது. பண்ணையில் தூரத்தில் எந்த வண்டி நின்றாலும் அப்பா வண்டியோ என்று முதலில் ஆசையாக இருக்கும், அடுத்த நொடி கதவைச் சாத்திக்கொள்வேன்.

அவர் மனசு இறங்கியதாக ஏதாவது தெரிந்தால் எழுது. வேறு மாதிரி தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதே. இப்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை.

சரிதா

*

சேந்தமங்கலம்,
27.08.2025, இரவு

அக்கா,

படித்ததும் கிளம்பு. மற்றதெல்லாம் பிறகு.

இன்று விநாயகர் சதுர்த்தி, அப்பா வீட்டில்தான் இருந்தார். சாயங்காலம் போனை எடுத்தேன். ஏற்கெனவே திறந்திருந்தது. அவரே திறந்திருக்கிறார். விடுப்புப் பலகை என்று ஒன்று உண்டு, யார் என்றைக்கு லீவு என்று மற்ற கிளைகளுக்கும் காட்டும். அதில் மாமாவின் வரி இருந்தது. 'செப்டம்பர் 2, செவ்வாய். மனைவிக்கு ஏழாம் மாதம். டாக்டரிடம் போக வேண்டும்.' அந்த ஆப்பிலேயே தமிழில் இருந்த ஒரே வரி அதுதான் அக்கா. மாமா ஏன் அதைத் தமிழில் எழுதினார்?

அடுத்த பக்கத்தில் வரைபடம். உங்கள் பண்ணை பெரிதாகத் தெரியும்படி இழுத்து வைத்திருந்தார்.

இருட்டியதும் சித்தப்பா வந்தார். இரண்டு பேரும் கொல்லையில் நின்று பேசினார்கள். நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றேன். சித்தப்பா பேசியது சரியாகக் கேட்கவில்லை. அப்பா சொன்னது மட்டும் கேட்டது.

"செவ்வாக்கெழம நா பாத்துக்கறேன். நீ வராத."

சித்தப்பா வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். அப்பா உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தார். அம்மா, "இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினார். நீ சொன்னாயே அந்த முகம், அதுதான்.

செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் போய்விடு. எங்கே என்று எனக்குச் சொல்லாதே. என்னை அடித்துக் கேட்டால் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மாமா அந்தப் போனைக் கையில் வைத்திருக்க வேண்டாம்.

தனா

*

30.08.2025

தனா,

கடிதம் இன்று வந்தது. நாளை விடியும் முன் கிளம்புகிறோம். அன்பு வேலையை விட்டுவிட்டார். போனை ஆத்தூர் கிளையில் கொடுத்துவிட்டு வந்தார். உனக்குப் புள்ளி அங்கே தெரிந்தால் அது நாங்கள் இல்லை.

எங்கே போகிறோம் என்பது ஆத்தாயி அம்மாவுக்கு மட்டும் தெரியும். நானாக எழுதும்வரை நீ எழுதாதே. எப்போது எழுதுவேன் என்று தெரியவில்லை.

நீ இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும். நன்றாகப் படி. அம்மாவைப் பார்த்துக்கொள். அப்பாவையும்.

சரிதா

*

சேந்தமங்கலம்,
16.09.2025

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இதை ஆத்தாயி அம்மா பெயருக்கே அனுப்புகிறேன். அவர் உன்னிடம் சேர்ப்பார் என்று நம்புகிறேன்.

செப்டம்பர் இரண்டாம் தேதி காலை நான் எழுந்தபோது அம்மா சமையலறையில் இருந்தாள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு. அத்தனையும் ஒரே காலையில். எதற்கு என்று கேட்டேன். "கோயலுக்கு" என்றாள். அப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். சோறு நிரப்பிய பெரிய தூக்குப் போசி இரண்டையும் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஐந்து வகைச் சோறும் தூக்குப் போசியும் எதற்கு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் பெரியம்மா மகளுக்கு ஏழாம் மாதம் தாய்வீட்டுக் கட்டுச்சோறு கொண்டுபோனபோது நானும்தானே கூடப் போனேன். அன்றைக்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை. நீ கிளம்பிவிட்டாய், தப்பித்துவிட்டாய் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தார். போசிகளை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள். தயிர்ச்சோறும் தேங்காய்ச்சோறும் கெட்டுப்போயிருந்தன, கொட்டினாள். மீதியை எங்கள் மூன்று பேருக்கும் போட்டாள்.

சாப்பிட்டதும் அப்பா போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இன்னிக்கு ஒரே எடந்தான். போடு சாமி."

ஆத்தாயி அம்மா பண்ணை. பச்சைப் பொத்தானை அழுத்தியிருந்தார். பதினொன்று ஐந்து. பண்ணையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் போனால்தான் அந்தப் பொத்தான் வேலை செய்யும் அக்கா. வாசல்வரை வந்திருக்கிறார்.

பார்த்தது என்ன என்று ஆப் கேட்டது. இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தேன். "கோழிகள் நலமுங்களா? நோய் இருக்குதுங்களா? பண்ணை பூட்டியிருந்துச்சுங்களா?"

"ஊடு பூட்டியிருந்துச்சு."

என் கை நின்றுவிட்டது. அவர் தானாகவே பேச ஆரம்பித்தார். சித்தப்பாவிடம் தன்னோடு வராதே என்று சொன்னது, அவன் வந்தால் புள்ள பயந்துக்கும் என்பதற்காக. செவ்வாய்க்கிழமை என்றால் மாப்பிள்ளையும் லீவில் இருப்பார், இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தாராம். மாப்பிள்ளை என்றார் அக்கா. ஆத்தாயி அம்மா முகங்கொடுத்தே பேசவில்லையாம். தண்ணீர் மட்டும் கொடுத்தாராம். கொடியில் ஒரு மஞ்சள் துணி காய்ந்தது, சரிதாவுடையது மாதிரி இருந்தது என்றார். மஞ்சள் சுடிதாரை அவர்தான் எடுத்துத் தன் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறார் என்று அப்போது அம்மா சொன்னாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "நாந்தானுங்கப்பா போகச் சொல்லி லெட்டர் போட்டேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை.

"நீ என்ன பண்ணுவ சாமி. எம்பட மூஞ்சி அப்பிடி இருந்திருக்குது."

அதைச் சொல்லிவிட்டு, "அப்பறம் என்ன கேக்குது அதுல?" என்றார்.

பூட்டியிருந்தது என்று போட்டால் அடுத்த வருகைத் தேதி கேட்கும். அதை நிரப்பாமல் மூட முடியாது.

"அடுத்த செவ்வா போடு."

போட்டேன். ஒன்பதாம் தேதி போனார். இன்றும் போய்விட்டு வந்தார். இரண்டு தடவையும் பூட்டியிருந்தது என்றுதான் போட்டேன். உன் பண்ணைக்கும் அவர் பார்க்கிற பண்ணைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆபீஸில் கேட்டார்களாம். "எம்பட புள்ள ஊடு" என்று சொன்னாராம். எல்லார் முன்னாலும்.

அவரைப் பார்த்துப் பயப்படு என்று உனக்கு எழுதியது நான். பயப்படாதே என்றும் நானே எழுதுகிறேன். நீ எதை நம்புவாய் என்று தெரியவில்லை. புள்ளி ஆத்தூர் ஆபீஸிலேயே நிற்கிறது. அது ஏதோ மேஜை இழுப்பறை என்று தெரிந்தும் தினமும் பார்க்கிறேன்.

அடுத்த செவ்வாய் இருபத்து மூன்றாம் தேதி. பதினொரு மணிக்கு அப்பா ஆத்தாயி அம்மா பண்ணை வாசலில் இருப்பார். ஒரே பண்ணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஏன் என்று ஆப் கேட்க ஆரம்பித்துவிடும். அவருக்கு அதற்குப் பதில் போடத் தெரியாது, கிளம்பிவிடுவார்.

நீ பன்னிரண்டுக்குள் வந்துவிடு.

தனா